கோல் முதலில், மோதிரம் பிறகு

ராயப்பராஜ் வருடத்தில் ஒரு நாள் சக்கரவர்த்தி. மீதி நாளெல்லாம் கொடைரோடு போகும் வழியில் பட்டறை போட்டு, எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவன். ஆனால் அந்த மீதி நாட்களிலும் தான் சக்கரவர்த்திதான் என்றொரு நினைப்பு அவனுக்கு உண்டு. இவ்வளவு கூத்தும் அந்த நினைப்பால் வந்தது.

சவேரியார்மந்தையில் பங்குத் திருவிழாவின் கடைசி நாள் சாயங்காலம் மேற்றிராணியார் நாடகம் நடக்கும். ஆயரைத்தான் அந்தக் காலத்தில் மேற்றிராணியார் என்பார்கள். கதை எங்கோ சீமையில், ஆயிரம் வருடத்துக்கு முன்னால் நடப்பது. ஒரு சக்கரவர்த்தி தன் உயிர்ச் சிநேகிதனை ஒரு பட்டணத்துக்கு மேற்றிராணியாராக்கி, கையில் கோலைக் கொடுத்து, இனி நீ என் ஆள் என்கிறான். ரோமாபுரியில் இருக்கும் பாப்பரசருக்கு, அதாவது போப்புக்கு, இது பொறுக்கவில்லை. மேற்றிராணியாரை நியமிக்க நீ யார், அவர் என் ஆள் என்று மோதிரத்தைக் கொடுக்கிறார். நடுவில் அகப்பட்ட மனிதர் இரண்டு மணி நேரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுபட்டு, கடைசியில் நாடு கடத்தப்படுவார். ஊரே மூக்கைச் சிந்தும். சிந்துவது மேற்றிராணியாருக்காக. சக்கரவர்த்திக்காக இதுவரை அந்த ஊரில் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டவர் கிடையாது.

சக்கரவர்த்தி வேடமும் பாப்பரசர் வேடமும் இரண்டு குடும்பங்களுக்குப் பாத்தியப்பட்டவை. அப்பனுக்குப் பிறகு மகன், அண்ணனுக்குப் பிறகு தம்பி. மேற்றிராணியார் மட்டும் ஊரில் யாராகவும் இருக்கலாம். அவர் தரிக்கும் கோல் சக்கரவர்த்தி வீட்டில் இருக்கும். பித்தளைப் பூண் போட்ட கருங்காலிக் கம்பு. மோதிரம் பாப்பரசர் வீட்டில் இருக்கும். கொடியேற்றத்தன்று மேற்றிராணியார் வேடக்காரர் வெற்றிலை, எலுமிச்சம்பழம், மெழுகுவர்த்தி வைத்த தட்டோடு முதலில் சக்கரவர்த்தி வீட்டுக்குப் போய்க் கோலை வாங்குவார். பிறகு பாப்பரசர் வீட்டுக்குப் போய் மோதிரத்தை வாங்கிப் போட்டுக்கொள்வார். இரண்டோடும் வந்து கொடிமரத்தடியில் நிற்க வேண்டும். கோல் முதலில், மோதிரம் பிறகு. இதை மாற்றியவர் இல்லை.

பன்னிரண்டு வருடமாக மேற்றிராணியார் பழனிக்குமார். தெற்குத் தெருவில் மல்லித் தோட்டம் வைத்திருப்பவன், முருக பக்தன். வேதக்காரர் நாடகத்தில் இந்து எப்படி மேற்றிராணியார் ஆவது என்று அப்போது நாலு பேர் முணுமுணுத்தார்கள். ராயப்பராஜ்தான் எழுந்து, "சீமையில இருந்தா ஆளக் கூட்டியாறப் போறோம்? எல்லாரும் இந்த ஊர்த் தண்ணியக் குடிக்கிறவய்ங்கதான்" என்று சத்தம் போட்டு அவனை உள்ளே கொண்டுவந்தான். இருவரும் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள். முப்பது வருடமாகச் சாயங்காலம் ஐந்தரைக்குக் கொடைரோடு ஸ்டேஷன் வாசலில் ஒன்றாக டீ குடிப்பவர்கள். அதனால் பழனி மேடையில் அழவைத்துக் கைதட்டு வாங்கும்போதெல்லாம் ராயப்பராஜுக்கு வயிறு கொஞ்சம் எரிந்தாலும், என் ஆள்தானே என்று சமாதானம் ஆகிக்கொள்வான்.

அந்தச் சமாதானத்தில் மண் விழுந்தது சூசைமாணிக்கம் ஊர் திரும்பிய பிறகுதான்.

சூசைமாணிக்கம் சென்னையில் பேங்க்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடத்துக்கு முன்னால் அண்ணன் இறந்ததும் வந்து சர்ச்சுக்குப் பக்கத்தில் வீட்டைப் புதுப்பித்துக்கொண்டு, அண்ணன் போட்ட பாப்பரசர் வேடத்தையும் எடுத்துக்கொண்டார். கணீரென்ற குரல். வெள்ளை முடி. பாப்பரசர் உடுப்புப் போடாமலே பாதி பாப்பரசர். பழனியின் மகள் தமிழ்மதி பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று தெரிந்து, நானே சொல்லித் தருகிறேன் என்றார். புதன், சனி சாயங்காலங்களில் மகளைக் கூட்டிக்கொண்டு பழனி அங்கே போக ஆரம்பித்தான். புதனும் சனியும் ராயப்பராஜ் தனியாக டீ குடித்தான். பிறகு ஒரு திங்கட்கிழமையும் பழனி வரவில்லை.

"எங்கலே போன?"

"அண்ணே கூப்ட்டாக மாப்ள. செத்த நேரம் பேசிட்டு இருந்துட்டேன்."

அண்ணே! ஆறு மாதத்துக்கு முன்னால் 'சார்' என்று சொல்லிக்கொண்டிருந்தவன். அன்று ராயப்பராஜ் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டான். வீட்டுக்கு வந்து மனைவி சகாயமேரியிடம், "அந்த ஆளு வீட்டுல அப்புடி என்னத்தத்தான் குடுக்குறாய்ங்க?" என்று கேட்டான். அவள் மீன் கழுவிக்கொண்டே, "பிஸ்கோத்து குடுப்பாக" என்றாள். "நீங்களும் வேணா வாங்கி வையிங்க."

இப்படி உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் இந்த வருடக் கொடியேற்றம் வந்தது. அன்று காலையில் சூசைமாணிக்கத்தின் கார் பழனி வீட்டு வாசலில் நிற்பதை ராயப்பராஜ் பார்த்தான். தமிழ்மதியைத் திண்டுக்கல்லுக்குப் பரீட்சை எழுதக் கூட்டிப்போக வந்த கார் அது. அதை அவன் யாரிடமும் விசாரிக்கவில்லை. போதாததற்கு, சதாம் டீக்கடையில் சூசைமாணிக்கம், "மோதிரம்தாம்ப்பா மேற்றிராணியாருக்கு முக்கியம். கோலு என்ன, வெறுங்கம்பு" என்று சொன்னதாக ஒரு தகவல் வந்து சேர்ந்தது. அவ்வளவுதான். பழனி இன்றைக்கு எந்த வீட்டுக்கு முதலில் போகிறான் என்பதைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

சகாயமேரி சர்ச்சில் மாலை கட்டப் போயிருந்தாள். நாலேகாலுக்கு ராயப்பராஜ் வீட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். பழனி எப்போதும் ஐந்து மணிக்குத்தான் கோல் வாங்க வருவான். அதற்குள் திரும்பிவிடலாம் என்பது கணக்கு. சூசைமாணிக்கம் வீட்டுக்கு எதிரே சதாம் டீக்கடை. கடையோரம் திருவிழா பிளெக்ஸ் ஒன்று முழங்கால் உயரத்திலிருந்து ஆள் உயரத்துக்கு மேல் கட்டியிருந்தது. அதற்குப் பின்னால் போய் நின்றான்.

"அண்ணே, ஏன் அங்கிட்டு நிக்கிறீங்க? பெஞ்சில உக்காருங்க" என்றான் சதாம்.

"வெயிலுப்பா."

"வெயிலு அங்கிட்டுதானண்ணே அடிக்குது."

"நீ டீயப் போடு."

டீ ஆறியது. ஐந்து மணி ஆயிற்று. இன்னும் ஐந்து நிமிடம், இன்னும் ஐந்து நிமிடம் என்று அவன் நின்றான். எதிர் வீட்டில் சூசைமாணிக்கம் வெள்ளை வேட்டியோடு வாசலுக்கு வருவதும் போவதுமாக இருந்தார். அவர் தெருவைப் பார்க்கிற பார்வையிலேயே விஷயம் இருக்கிறது என்று இவனுக்குப் பட்டது. சைலண்ட்டில் கிடந்த போன் சட்டைப் பையில் அதிர்ந்தது. பழனி. துண்டித்தான். கொஞ்சம் பொறுத்து மறுபடி பழனி. மறுபடி துண்டித்தான். 'சாக்குச் சொல்லக் கூப்பிடுறான். அண்ணே வீட்டுக்கு மொதல்ல போய்ட்டு வாரேன், கோச்சுக்காதம்பான்.' அந்தக் குரலைக்கூட அவனால் கற்பனை பண்ண முடிந்தது.

ஐந்தரைக்குப் பழனி வந்தான். நேராகச் சூசைமாணிக்கம் வீட்டுப் படியேறினான். கையில் தட்டுகூட இல்லை. வெற்றிலை இல்லை, பழம் இல்லை. சொந்த வீட்டுக்குள் நுழைகிறவன் மாதிரி வெறுங்கையோடு போனான். வெளியே வரும்போது வலதுகை விரலில் மோதிரம் மின்னியது. பின்னால் சூசைமாணிக்கம், கொட்டுக்காரர்கள், ஊர்க்காரர்கள் நாலைந்து பேர். ராயப்பராஜுக்குக் காது அடைத்துவிட்டது. பின்சந்து வழியாக ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். சகாயமேரி அப்போதுதான் திரும்பி, தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்து உள்ளே போயிருந்தாள்.

கொட்டுச் சத்தத்தோடு பழனி வந்து நின்றான்.

"மாப்ள, கோலக் குடு. நேரமாச்சு."

"மோதிரம் போட்ட கைக்குக் கோலு எதுக்கு?"

"என்ன பேசுற?"

"மொதல்ல எங்க போன? அதச் சொல்லு."

பழனி அவனைப் பார்த்தான். "நான் எங்க நின்னேன்னு நீ கேக்க மாட்டியா?"

"கேக்க என்ன இருக்கு? என் கண்ணால பாத்தேன்."

பழனியின் பார்வை மெதுவாக இறங்கி ராயப்பராஜின் காலில் நின்றது. டயர் செருப்பு, நகம் கறுத்த கட்டைவிரல். பழனி முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்து, வராமல் போனது. திரும்பி, பின்னால் நின்ற கூட்டத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"அப்பச் சரி" என்றான்.

அந்த வருடம் கோல் இல்லாத மேற்றிராணியார் கொடிமரத்தடியில் நின்றார். கொடி ஏறியது. ஊர் குசுகுசுவென்று பேசியது. பங்குச்சாமி மாறுதலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகாதவர்; இது எந்த ஊர் வழக்கமோ என்று ஜெபத்தைத் தொடர்ந்தார்.

கொடிக்கும் நாடகத்துக்கும் நடுவில் ஒன்பது நாள் நவநாள். மேற்றிராணியார் வேடக்காரர் அந்த ஒன்பது நாளும் விரதம் இருப்பார். செருப்பு இல்லை, கவிச்சி இல்லை, தொட்டுக்கொள்ள வெஞ்சனம்கூட இல்லை. பழனி வெறும் கஞ்சியும் உப்புமாகக் கிடந்தான். அவன் வயிறு காய்ந்ததைவிட அவன் கழுத்து இரண்டு பக்கமும் இறுகியதுதான் அதிகம். நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்து, நோட்டைப் பார்த்து வசனம் எடுத்துக் கொடுக்கும் மூக்கையாதான் இரண்டு பக்கமும் நடந்து தேய்ந்தார்.

"மோதிரத்தக் கழட்டிக் குடுத்துட்டு, முறைப்படி தட்டோட என் வாசலுக்கு வரச் சொல்லுங்க. கோலத் தாரேன்" என்றான் ராயப்பராஜ்.

"பழனி அவன்கிட்ட போய்க் கெஞ்சுனா மோதிரத்தத் திருப்பிக் குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. மதுரையில சொல்லிப் புதுக் கோலே வரவழைக்கிறேன்" என்றார் சூசைமாணிக்கம்.

"பழனி என்ன சொல்றான்?" என்று ராயப்பராஜ் கேட்டான். கேட்கக் கூடாது என்று இருந்தவன், மூக்கையா படியிறங்கும்போது வாய்விட்டுக் கேட்டுவிட்டான்.

"புதுக் கோலத் தொட மாட்டானாம். மோதிரத்தயும் கழட்ட மாட்டானாம். 'என்னைய என்னன்னு நெனைக்கிறாய்ங்க ரெண்டு பேரும்'னு கேக்குறான். அப்பறம் ஒண்ணு சொன்னான் ராயப்பு. 'அவன் வந்து கேக்கட்டும், சொல்றேன்'னான்."

"நான் எதுக்குப் போயிக் கேக்கணும்?"

மூக்கையா நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

ஒத்திகை மூன்று நாள் நடந்தது. சக்கரவர்த்தியும் மேற்றிராணியாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுவரைப் பார்த்து வசனம் பேசினார்கள். முடிந்ததும் சூசைமாணிக்கம் பழனியின் தோளில் கை போட்டுக்கொண்டு தாழ்ந்த குரலில் எதையோ சொல்வார். பழனி தலையை ஆட்டுவான். அந்தக் கையை மணிக்கட்டோடு முறிக்க வேண்டும் போல ராயப்பராஜுக்குக் கை பரபரத்தது. தன் ஆள், தான் கொண்டுவந்த ஆள், தன்னோடு முப்பது வருடம் டீ குடித்த ஆள். ஒரு பேங்க் மேனேஜர் வந்து மூன்று வருடத்தில் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் ஐந்தரைக்கு ஸ்டேஷன் வாசலுக்கு அவன் போகத்தான் போனான். இரண்டு டீ சொல்லி, ஒன்றைக் குடித்து, மற்றதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

எட்டாம் நாள் பட்டறையில் ஒரு யோசனை வந்தது. ஒன்றரை இஞ்ச் பிவிசி பைப்பில் ஆறடி வெட்டினான். தங்கக் கலர் பெயிண்ட் அடித்தான். மேலே வளைவுக்கு ஒரு பைப் பெண்டு ஒட்டினான். நாடகத்தில் முதல் காட்சியிலேயே சக்கரவர்த்தி மேற்றிராணியார் கையில் கோலைக் கொடுக்க வேண்டும். கொடுப்போம், இதைக் கொடுப்போம் என்று அவனே சொல்லிச் சிரித்துக்கொண்டான். காய வைத்த பைப் பட்டறை மூலையில் இரண்டு நாள் மின்னியது.

நாடகத்தன்று ஆறரைக்கு மேடையில் திரை விலகியது. சுத்துப்பட்டியிலிருந்தெல்லாம் கூட்டம். சேவுகம்பட்டியிலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். முன்வரிசையில் சகாயமேரி. ஜிகினா வைத்த அங்கியும் அட்டைக் கிரீடமுமாக ராயப்பராஜ் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தான். பழனி வெள்ளை அங்கியில், வெறுங்காலோடு வந்து மண்டியிட்டான். ஒன்பது நாள் கஞ்சி அவன் கன்னத்தை ஒட்ட வைத்திருந்தது.

"நண்பா! இந்தக் கோலைப் பெற்றுக்கொள். இன்று முதல் நீ என் வலக்கை" என்று முழங்கிவிட்டு, ராயப்பராஜ் பைப்பை நீட்டினான். விளக்கு வெளிச்சத்தில் பெண்டில் அச்சடித்திருந்த கம்பெனி எழுத்துகூடத் தெரிந்தது. கூட்டம் ஒரு விநாடி விழித்தது. பிறகு பின்வரிசையில் ஒருவன், "ஏலே, குழாயிடா!" என்றான். சிரிப்பு கொல்லென்று கிளம்பி முன்வரிசை வரைக்கும் வந்தது.

பழனி சிரிக்கவில்லை, சிவக்கவும் இல்லை. இரண்டு கையாலும் அந்தப் பைப்பை வாங்கினான். நெற்றியில் ஒற்றிக்கொண்டான். அது கையை அழுத்துகிற கனம் உள்ளது போல, மெதுவாக ஊன்றி எழுந்தான். எழுந்து கூட்டத்தைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே அடங்கியது. அதற்குப் பிறகு அந்தக் குழாயைப் பார்த்து ஒரு குழந்தைகூடச் சிரிக்கவில்லை. சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்த ராயப்பராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழாயைக் கொடுத்தாலும் கோலாக்கி விடுகிறானே! இவனை என்னதான் செய்வது?

காட்சிகள் ஓடின. பாப்பரசர் வந்தார், மோதிரத்தை அணிவித்தார், கணீரென்று சாபம் விட்டார், கைதட்டு வாங்கினார். கடைசியாகத் தீர்ப்புக் காட்சி. ஒரு பக்கம் சக்கரவர்த்தி சிம்மாசனம், இன்னொரு பக்கம் பாப்பரசர் நாற்காலி, நடுவில் மேற்றிராணியார். நோட்டில் இருக்கிறபடி, "என் இறுதி வார்த்தையைக் கேட்டருளும்" என்று தொடங்கி, அவர் கடவுளைப் பற்றி நாலு வரி சொல்லிவிட்டுக் கோலை வைக்க வேண்டும். உடனே சக்கரவர்த்தி எழுந்து, "இவனை என் எல்லைக்கு அப்பால் விடுங்கள்" என்பான்.

"சக்கரவர்த்தியே, என் இறுதி வார்த்தையைக் கேட்டருளும்" என்றான் பழனி. பிறகு நிறுத்தினான். மூக்கையா ஆர்மோனியத்துக்குப் பின்னாலிருந்து அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார். பழனி அதை எடுக்கவில்லை.

"நான் முதலில் வந்தது உம் வாசலுக்கே, வழக்கமான நேரத்துக்கும் முன்பே. உம் அரண்மனை பூட்டிக் கிடந்தது. தாம்பூலத் தட்டோடு ஒரு மணி நேரம் உம் படியில் நின்றேன். உட்காரவில்லை, உட்கார்ந்தால் உமக்கு மரியாதைக் குறைவு என்று நின்றேன். இரண்டு முறை உம்மைக் கூப்பிட்டேன். நீர் கேட்டும் கேளாதிருந்தீர். கொடியேறும் நேரம் நெருங்கியதால் தட்டை உம் படியிலேயே வைத்துவிட்டு, வெறுங்கையோடு பாப்பரசர் வாசலுக்குப் போனேன். அங்கே எதிரே ஒரு திரை கட்டியிருந்தது. திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள். முப்பது வருடம் என்னோடு நடந்த பாதங்கள். எனக்கு அடையாளம் தெரியாதா? என்னை எதிர்பார்த்து உம் வாசலில் நிற்க வேண்டியவர், என்னை வேவு பார்க்க அடுத்தவர் வாசலில் நின்றீர். சபை நடுவில் சொன்னால் உமக்கு இழுக்கு என்று வாயை மூடிக்கொண்டேன். நீர் வந்து கேட்பீர் என்று ஒன்பது நாள் காத்திருந்தேன். நீர் கேட்கவில்லை."

இது நாடகத்தில் புதிதாகச் சேர்த்த வசனம் என்று எல்லாரும் நினைத்தார்கள். பிறகு கைதட்டு எழும்பி, அடங்காமல் போய்க்கொண்டே இருந்தது. சூசைமாணிக்கம் நாற்காலியில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். ராயப்பராஜின் கண் தானாக முன்வரிசைக்குப் போனது. சகாயமேரி கையால் வாயைப் பொத்திக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் தட்டு உண்மை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

பழனி குனிந்து அந்தப் பைப்பைச் சிம்மாசனத்தின் காலடியில், சத்தம் வராமல் வைத்தான்.

"இவனை என் எல்லைக்கு..." என்று எடுத்துக் கொடுத்தார் மூக்கையா.

ராயப்பராஜ் எழுந்தான். வாய் திறந்தது.

"இவனை என் எல்லைக்கு அப்பால்... ராயப்பு, சொல்லு."

இருபத்திரண்டு வருடமாகச் சிங்கம் மாதிரி கர்ஜித்த வரி. அதைச் சொன்னாலொழிய நாடகம் முடியாது, பழனியும் மேடையை விட்டு இறங்க முடியாது. அவன் நின்றுகொண்டே இருந்தான். கிரீடம் ஒரு பக்கம் சரிந்தது.

"இவனை..." என்றான். குரல் உடைந்து நூலாக வந்தது. "இவனை என் எல்லைக்கு அப்பால் விடுங்கள்."

பழனி தலை குனிந்து வணங்கிவிட்டு மேடையை விட்டு இறங்கினான். முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது போகிறவனை அல்ல, சிம்மாசனத்துக்கு முன்னால் நின்றவனை. "பாவம்டி அந்த ராசா" என்று ஒருத்தி சொன்னது மேடை வரைக்கும் கேட்டது. வாழ்நாளெல்லாம் எதற்காக வயிறு எரிந்தானோ, அந்தக் கண்ணீரும் கைதட்டும் ஒன்றாகச் சேர்ந்து வந்து ராயப்பராஜ் மேல் விழுந்தது. அவனுக்கு ஓடிப்போய்விட வேண்டும் போல் இருந்தது.

திரை விழுந்ததும் ஒப்பனை அறைக்கு ஓடினான். பழனி இல்லை. வெள்ளை அங்கி மடித்து வைத்திருந்தது. மோதிரம் பாப்பரசர் உடுப்புப் பெட்டி மேல் இருந்தது. முகத்துச் சாயத்தைக்கூடக் கழுவாமல் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்றார்கள்.

வீட்டில் சகாயமேரி மாதா படத்தடியிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். வெற்றிலை காய்ந்து சருகாகியிருந்தது. எலுமிச்சம்பழம் சுருங்கியிருந்தது. மெழுகுவர்த்தி மட்டும் அப்படியே இருந்தது. "கொடியேத்தத்தன்னைக்குப் படியில இருந்துச்சுங்க. வீடு வீடா ஜெபம் பண்ண வர்ற அன்பியத்துப் பிள்ளைக வச்சுட்டுப் போயிருக்குன்னு உள்ள எடுத்து வச்சேன். ஒரு வார்த்தை ஒங்ககிட்டக் கேட்டிருந்தா..."

"நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றான் ராயப்பராஜ்.

மறுநாள் விடிந்ததும் கருங்காலிக் கோலைத் துடைத்து எடுத்துக்கொண்டான். தட்டில் புது வெற்றிலை வைத்து, பழைய மெழுகுவர்த்தியை அப்படியே விட்டான். செருப்புப் போட மறந்தது தெற்குத் தெருவுக்குள் நுழைந்து, காலில் கல் குத்திய பிறகுதான் தெரிந்தது. திரும்பவில்லை.

பழனி வீடு பூட்டியிருந்தது. பூவை எடுத்துக்கொண்டு நிலக்கோட்டை மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறான், வீட்டுக்காரியும் மகளும் தோட்டத்தில் என்று எதிர் வீட்டில் சொன்னார்கள். "போன் போடவாண்ணே?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்று படியில் உட்கார்ந்தான். கோல் மடியில், தட்டு பக்கத்தில்.

கொஞ்ச நேரத்தில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. சூசைமாணிக்கம். சட்டைப் பையிலிருந்து சின்னச் சிவப்புப் பெட்டி எட்டிப் பார்த்தது. ராயப்பராஜைப் பார்த்ததும் தயங்கி, வண்டியை நிறுத்தினார். ராயப்பராஜின் மனசுக்குள் முதலில் ஓடியது வருத்தமும் இல்லை, வெட்கமும் இல்லை. 'நல்லவேளை, நான் மொதல்ல வந்துட்டேன்' என்பதுதான். புத்தி எங்கே போகும்? அவர் உட்கார இடம் இல்லாதபடி படியின் நடுவுக்கு நகர்ந்துகூடக் கொண்டான். பிறகு தானே வெட்கப்பட்டு ஓரமாக ஒதுங்கினான்.

"அன்னைக்குத் தட்டு இல்லாம வந்தப்பவே நான் கேட்டிருக்கணும்" என்றார் சூசைமாணிக்கம், உட்கார்ந்துகொண்டே. "கேக்கல. மொதல்ல என் வீட்டுக்கு வந்துட்டான்கிற சந்தோசம்."

ராயப்பராஜ் அவரைத் திரும்பிப் பார்த்தான். அந்த மனிதருக்கும் இதே வியாதிதானா என்று ஆச்சரியமாக இருந்தது.

ஏழு மணிக்குத் தெருமுனையில் டிவிஎஸ் சத்தம் கேட்டது. ராயப்பராஜுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். சைலன்சருக்கு வெல்டிங் வைத்ததே அவன்தான். பழனி திருப்பத்தில் தெரிந்தான். காதோரத்தில் இன்னும் சாயம் ஒட்டியிருந்தது. தன் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் பார்த்தான். வண்டியை நிறுத்தி ஒரு காலை ஊன்றினான். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டான்.

"ரெண்டு பேரும் இருந்தா வர மாட்டான்" என்றார் சூசைமாணிக்கம். பெட்டியைச் சட்டைப் பைக்குள் நன்றாகத் தள்ளிக்கொண்டார். "நான் சாயங்காலம் வாரேன். நீங்க?"

"நீங்க போங்க சார். நான் இருக்கேன்."

ஸ்கூட்டர் போனது. வெயில் ஏறிப் படிக்கு வந்தது. பழனி எத்தனை நேரம் காத்திருந்தான் என்று ராயப்பராஜ் நினைத்துப் பார்த்தான். ஒரு மணி நேரம். தான் வந்து அரை மணிதான் ஆகியிருந்தது. அவன் உட்காரவில்லை, நின்றான் என்பதும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. ராயப்பராஜ் கோலை ஊன்றி எழுந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டான்.